பள்ளிக் கட்டடத்துக்கு நிதி வாங்கித் தருகிறோம் என்று 68,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள். பெற்றோர்களே, உஷார்!

68,000 ரூபாய். எங்கள் பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் கூரையைச் சரிசெய்ய நாங்கள் சேர்த்த பணம். வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள், லோடு ஏற்றுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் நூறும் இருநூறுமாகக் கொடுத்தது. ஒரு மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு கொடுத்தது. கம்பெனிகள் சமூகப் பணிக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதியை வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு திரியும் ஓர் "அறக்கட்டளை" அத்தனையையும் விழுங்கிவிட்டது. நேற்றுதான், "அது திரும்பி வராதுங்க, வேணும்னா கேஸ் போட்டுக்கோங்க" என்று போனில் சொல்லிவிட்டு வைத்தார்கள். ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் போடவில்லை. ஆனால் எப்படி நடந்தது என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன்.

முதலில் எங்கள் பள்ளியின் நிலை. மேல்தளத்தில் பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. மழை பெய்தால் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு பாதிதான் இருக்கிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததிலிருந்து எங்களில் யாருக்கும் மழை நாளில் பிள்ளையை அனுப்பிவிட்டு நிம்மதியாக வேலை பார்க்க முடிந்ததில்லை. எந்தப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாங்கள் தீர்மானம் போட்டோம், பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதினோம், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுத்தோம், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்றோம். "எஸ்டிமேட் போயிருக்கு, நிதி வரணும்." எல்லா இடத்திலும் இதே பதில்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த அறக்கட்டளையின் ஆள் வந்தார். எங்கள் மனுவைப் பற்றி யாரோ சொன்னார்களாம். கையில் டேப் கொண்டு வந்திருந்தார். வகுப்பறையின் நீளம், அகலம், விரிசலின் நீளம் என்று ஒவ்வொன்றையும் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். இதுவரை எங்கள் பள்ளியை அப்படி அளந்து பார்த்த ஆளே கிடையாது. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசினார். பெயர்ந்து விழுந்த பூச்சுத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் குழுத் தலைவியிடம் சொன்னார்: "அக்கா, நீங்க யார்கிட்டயும் கையேந்தல. இது சட்டப்படி உங்க பிள்ளைங்களுக்கு வர வேண்டிய பணம்."

அந்த வார்த்தையில்தான் எல்லோரும் நம்பினோம். இத்தனை காலம் "பார்க்கலாம்", "வரும்" என்றே கேட்டுப் பழகிய காதுகள் எங்களுடையவை. உரிமை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னதும் அங்கிருந்த அம்மாக்களில் சிலர் அழுதுவிட்டார்கள்.

அவர் சொன்ன சட்டத்தில் பொய்யே இல்லை, அதுதான் கொடுமை. 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆவது பிரிவின்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடக்கம். இதெல்லாம் உண்மை. அந்த உண்மைக்குள்தான் ஒரு பொய்யைச் செருகினார். மொத்த மதிப்பீடு 6,80,000 ரூபாய், அதில் பத்து விழுக்காட்டைப் "பெற்றோர் பங்களிப்பாக" முதலில் கட்டினால்தான் கம்பெனி ஃபைலைத் திறக்கும், முதல் தவணை வந்ததும் அதைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்றார். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஊர்ப்பங்கு என்பது புதிதாகக் கேட்ட விஷயம் இல்லை. மக்களின் அந்தப் பழக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டே வலை விரித்திருக்கிறார்கள்.

க்யூஆர் அட்டையில் அறக்கட்டளையின் பெயர் வந்தது. சீல் போட்ட ரசீதும் கொடுத்தார்கள். பணம் போய்ச் சேர்ந்தது ஒரு தனி ஆளின் கணக்கு என்பது பிறகு வங்கியில் விசாரித்தபோதுதான் வெளியே வந்தது.

அதன் பிறகு தொடங்கியது இழுத்தடிப்பு. முதலில், "மார்ச் கணக்கு முடியட்டும்க்கா." அடுத்து, "போர்டு மீட்டிங் தள்ளிப் போச்சு." பிறகு, "ஃபைல் மும்பை ஆபீஸ்ல இருக்கு." எந்தக் கம்பெனி என்று கேட்டால், "அது கான்ஃபிடென்ஷியல் மேடம்." அக்கா மேடமாக மாறியபோதே குரலும் மாறிவிட்டது. அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண் எடுத்து, "அவர் இப்ப எங்ககிட்ட வேலை பார்க்கல" என்றார். நேரில் போனால் ரசீதில் இருந்த முகவரியில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் பாவம், எங்களைப் போல இன்னும் சிலர் தேடி வந்ததாகச் சொன்னார்.

இதற்கும் மேலே ஒன்று நடந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டு விடாமல் நச்சரித்தபோது, "68,000 ரெடியா இருக்கு, 18 விழுக்காடு ஜிஎஸ்டி 12,240 ரூபாய் கட்டினா உடனே ரிலீஸ் ஆகும்" என்றார்கள். எங்கள் தலைவி அந்த இடத்திலேயே கத்திவிட்டார். அதற்குத்தான் நேற்றைய அந்தப் பதில், கேஸ் போட்டுக்கொள்ளச் சொல்லி.

காவல் நிலையத்தில், "நீங்களா விருப்பப்பட்டுத்தானே கொடுத்தீங்க?" என்று கேட்டார்கள். ஏமாற்றி வாங்குவது எல்லாமே அப்படித்தான் வாங்கப்படுகிறது! இது சிவில் விவகாரம் என்று எழுதி அனுப்பப் பார்த்தார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீதை (அதற்கும் சிஎஸ்ஆர் என்றுதான் பெயர், கம்பெனி சிஎஸ்ஆர் வேறு) வாங்காமல் போக மாட்டோம் என்று உட்கார்ந்த பிறகுதான் மனுவைப் பதிவு செய்தார்கள்.

எனக்குப் பணத்தைவிட ஆறாதது வேறொன்று. அந்த ஆள் எடுத்துப் போன படங்கள் இப்போது அவர்களுடைய நன்கொடைப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள், எங்கள் விரிசல் விட்ட கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் படங்கள். "இந்தக் குழந்தைகளுக்கு உதவுங்கள்" என்று கீழே ஒரு க்யூஆர். எங்கள் பிள்ளைகளின் முகத்தைக் காட்டி ஊர் உலகத்திடம் வசூல் நடக்கிறது. பள்ளிக்கு ஒரு செங்கல்கூட வரவில்லை. படத்தை எடுங்கள் என்று எழுதினோம், பதில் இல்லை.

இப்போது ஊரில் யாரிடமும் பள்ளிக்காக என்று பேச முடியவில்லை. அடுத்த மனுவில் கையெழுத்துக் கேட்டுப் போனால், "அந்த 68,000 என்னாச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்பதில் அவர்கள்மேல் தப்பே இல்லை. கூரை அப்படியேதான் இருக்கிறது, அடுத்த மழையும் வந்துகொண்டிருக்கிறது.

நிதானமாக உட்கார்ந்து அறிவுரை எழுதும் மனநிலை எனக்கு இல்லை. அவசரமாகச் சில வார்த்தைகள். சிஎஸ்ஆர் நிதி கொடுக்கும் கம்பெனி பணம் தரும், உங்களிடம் வாங்காது. முன்பணம், பங்களிப்பு, ஃபைல் சார்ஜ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்பெனியின் பெயரைச் சொல்லாதவரிடம் தீர்மான நகலையோ பிள்ளைகளின் படத்தையோ கொடுக்காதீர்கள். அரசுப் பள்ளிக்கு வெளியிலிருந்து உதவி வாங்க 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் இருக்கிறது, தலைமை ஆசிரியர் வழியாக அதில் முயலுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், தாமதித்தால் கணக்கை முடக்குவதற்குள் எடுத்துவிடுவார்கள்.

டேப்போடு வந்து அளந்துவிட்டு, பத்து விழுக்காடு கேட்ட ஆள் உங்கள் பள்ளிக்கும் வந்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உங்கள் மாவட்ட சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுங்கள். பல ஊர்ப் புகார்கள் சேர்ந்தால் இதைச் சிவில் என்று தள்ளிவிட முடியாது என்கிறார் வக்கீல்.