வண்ணப் பென்சில் ஓவியத்தை நூல்களின் வழியே கற்றல்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வண்ணப் பென்சில் ஓவியம் கற்பிக்கும் நூல்களைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். அனைத்தும் ஆங்கில நூல்கள். பெரும்பாலானவை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அச்சானவை. அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு படத்தைக் கொடுத்து, அதைப் படிப்படியாக அப்படியே வரையச் சொல்பவை ஒரு வகை. அழுத்தம், அடுக்கு, தாள், நிறச்சேர்க்கை ஆகியவற்றைத் தனித்தனிப் பயிற்சிகளாகத் தருபவை மற்றொரு வகை. முதல் வகை நூலைப் பார்த்து ஒரு பஞ்சவர்ணக் கிளியை அழகாக வரைந்துவிடலாம். ஆனால் வாசலில் வந்து உட்காரும் மைனாவை வரைய அந்த நூல் உதவாது. நீண்ட காலப் பயன்பாட்டில் என் மேசையை விட்டு அகலாதவை இரண்டாம் வகை நூல்களே.

ஒரு நூலின் தரத்தை நான் இப்போது ஒரே கேள்வியால் அளக்கிறேன்: இந்த நிறத்துக்குப் பிறகு அந்த நிறம் ஏன் வருகிறது என்று அது சொல்கிறதா? வண்ணப் பென்சிலின் பூச்சு ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அடியில் இட்ட நிறம் மேலே வரும் நிறத்தின் வழியாகத் தெரியும் என்பதால், அடுக்குகளின் வரிசை மாறினால் முடிவும் மாறும். தக்காளியின் நிழல் பகுதியில் கறுப்பைத் தேய்த்தால் அது கரி படிந்ததுபோல் இருக்கும். அங்கே முதலில் கரும்பச்சையை மெல்லப் பூசி, அதன்மேல் சிவப்பை ஏற்றினால் நிழல் ஆழமாகவும் பழத்தோடு ஒட்டியதாகவும் அமையும். நிறச்சக்கரத்தில் சிவப்புக்கு நேர் எதிரே நிற்கும் எதிர்நிறம் பச்சை, இரண்டும் ஒன்றையொன்று மட்டுப்படுத்தும் என்பதே காரணம். இந்தக் காரணத்தை ஒரு பத்தியில் விளக்கிய நூலைக் கொண்டு மிளகாயையும் மாதுளையையும் நானாகவே வரைய முடிந்தது. வெறும் பென்சில் எண்களை வரிசையாக அடுக்கிய நூல் தக்காளியோடு நின்றுவிட்டது.

அச்சிட்ட பக்கத்தால் சொல்ல முடியாத ஒன்று அழுத்தம். "மிக மென்மையாக" என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. எவ்வளவு மென்மை என்பதைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். பென்சிலைக் கூர்முனைக்கு அருகில் பிடிக்காமல் சற்றுப் பின்னால் தள்ளிப் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும். முதல் அடுக்கு முடிந்தபின் தாளின் வெள்ளைப் புள்ளிகள் பரவலாகத் தெரிந்தால் அளவு சரி. ஒவ்வொரு அடுக்கையும் பெரிதாக்கிய ஒளிப்படமாகக் காட்டும் நூல்கள் இந்த இடத்தில் பெரிதும் உதவுகின்றன. நிறத்தைப் பொறுத்தவரை அச்சை நம்பலாகாது. நான்கு மைகளைக் கொண்டு அச்சாகும் பக்கத்தில் பளிச்சிடும் ஆரஞ்சும் சில ஊதாக்களும் மங்கிப்போகும். ஆகவே எந்த நூலைத் தொடங்கினாலும், என்னிடமுள்ள எல்லாப் பென்சில்களையும் நான் வரையப் போகும் தாளிலேயே கட்டம் கட்டமாகப் பூசி, ஒரு நிறப்பட்டியலைத் தயாரித்து அதையே பார்த்து வரைகிறேன்.

அமெரிக்க நூல்கள் பலவும் பிரிஸ்மாகலர் பென்சில்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவை மெழுகு சார்ந்தவை, மிருதுவானவை. பிரீமியர் வரிசையில் 150 நிறங்கள் உள்ளன. நான் பயன்படுத்துவது ஃபேபர் காஸ்டலின் பாலிகுரோமோஸ். 1908 முதல் வெளிவரும் இந்த வரிசையில் இப்போது 120 நிறங்கள் உள்ளன. இவை எண்ணெய் சார்ந்தவை, சற்று உறுதியானவை. மெழுகுப் பென்சிலுக்கு எழுதிய பாடத்தை இவற்றால் செய்யும்போது அடுக்குகள் கூடுதலாகத் தேவைப்படும், மெருகேற்றுவதற்கும், அதாவது அடுக்குகளை அழுத்தித் தேய்த்து வழவழப்பாக்குவதற்கும், சற்று அதிகம் உழைக்க வேண்டும். ஆனால் மெழுகுப் பூச்சில் சில நாள்களுக்குப் பின் படியும் வெண்மூட்டம் இவற்றில் தொல்லை தருவதில்லை. நூல் கேட்கும் பென்சில் இல்லையே என்று புதிதாகப் பெட்டி வாங்குவது வீண் செலவு. நிறப்பட்டியலைப் பார்த்து நெருங்கிய நிறத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தாள் விஷயத்தில் நூல்கள் சொல்வதை அப்படியே கேட்பது நல்லது. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வழவழப்பான ஓவிய நோட்டில் சில அடுக்குகளுக்குப் பின் நிறம் பிடிக்காமல் வழுக்கும். நூல்கள் பரிந்துரைக்கும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள ஹாட் பிரஸ், அதாவது சூடாக அழுத்திச் சமப்படுத்திய, பருத்தித் தாளின் விலை உறுத்தத்தான் செய்கிறது. அதை நான்காக வெட்டிச் சிறு படங்கள் வரைகிறேன். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட இந்நூல்களில் நான் காணாத ஒரு செய்தியும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையின் ஈரப்பதத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். மேற்பரப்பு இளகி, சிறு அழுத்தத்துக்கே பள்ளம் விழும். தாள்களைத் தட்டையான பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது பயன் தருகிறது.

முகங்களைப் பற்றிய அத்தியாயங்களே எனக்குப் பெரிய குறை. என்னிடமுள்ள நூல்களில் வரும் முகங்கள் பெரும்பாலும் இளஞ்சிவப்பானவை. கறுத்த தோலுக்கு ஒதுக்கிய ஓரிரு பக்கங்களும் பழுப்பையும் கறுப்பையும் தாண்டுவதில்லை. என் பாட்டியின் முகத்தை வரைய எந்தப் பாடமும் நேரடியாக உதவவில்லை. ஆனால் அடுக்குகளின் தர்க்கத்தை விளக்கிய நூல் இங்கேயும் கைகொடுத்தது. கறுத்த தோலில் ஒளி விழும் நெற்றியும் கன்னமேடும் வெளிர் பழுப்பாக இருப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் அங்கே வானத்தின் நீலச்சாயல் படிகிறது. நிழலோ செம்மை கலந்தது. ஆகவே பாலிகுரோமோஸ் எண்களில் 187 என்ற சுட்ட காவியும் 283 என்ற சுட்ட சியன்னாவும் அடித்தளமாக, நிழலில் 225 என்ற கருஞ்சிவப்பும் 157 என்ற கருநீலமும் ஏற்றி, 175 என்ற கருஞ்செபியாவால் ஆழப்படுத்துகிறேன். கறுப்புப் பென்சில் கண்மணிக்கும் நாசித்துளைக்கும் மட்டும். ஒளி விழும் இடங்களில் வெளிர்நீலம் மிக மெல்லிய ஒரே அடுக்கு. அது கூடினால் தோல் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும்.

எதிர்பாராத உதவி வெள்ளித் தேநீர்க் கெண்டியை வரையச் சொன்ன அத்தியாயத்திலிருந்து வந்தது. உலோகம் என்பது தனி நிறம் அன்று, அருகருகே நிற்கும் மிக வெளிச்சமான, மிக இருண்ட பட்டைகளின் கூர்மையான எல்லைகளே என்று அது விளக்கியது. பித்தளைக் குத்துவிளக்கு, மூக்குத்தி, பட்டுப்புடவையின் சரிகை ஆகிய மூன்றுக்கும் அந்த விளக்கம் பொருந்தியது. அதேபோல் பூனையின் மீசையை வெள்ளையாக விடுவதற்குச் சொன்ன உத்தியைப் பாட்டியின் நரைமுடிக்குப் பயன்படுத்தினேன். தாளின்மேல் டிரேசிங் தாளை வைத்து, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அழுத்திக் கோடிட்டபின் நிறம் பூசினால், பள்ளமான கோடுகள் வெள்ளையாகவே நிற்கும். கூந்தலிலுள்ள மல்லிகையைத் தொடக்கத்திலேயே தாளின் வெண்மையாக விட்டுவிட வேண்டும், ஏனெனில் கருநிறத்தின்மேல் வெள்ளைப் பென்சில் ஏறாது.

பழைய நூல்களில் நிறம் மங்குதல் பற்றிய செய்தி மிகக் குறைவு. வண்ணப் பென்சில்களின் ஒளித்தாங்குதிறனுக்கு, அதாவது வெளிச்சத்தில் மங்காமல் நிற்கும் திறனுக்கு, ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் டி 6901 என்ற தரநிலை உள்ளது; பாலிகுரோமோஸ் பென்சிலின் மேலேயே நட்சத்திரக் குறிகள் உண்டு, மூன்று இருந்தால் மிக உயர்ந்த தாங்குதிறன். நிறப்பட்டியலின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஒரு கோடை முழுவதும் ஜன்னலில் வைத்திருந்தபோது, வெவ்வேறு பெட்டிகளைச் சேர்ந்த சில இளஞ்சிவப்புகளும் ஊதாக்களும் கண்கூடாக வெளுத்தன. அவற்றைப் பரிசளிக்கும் படங்களில் தவிர்க்கிறேன். கரைப்பான் கொண்டு நிறத்தைக் கரைக்கும் பாடங்களை நான் அதிகம் பின்பற்றவில்லை; காற்றோட்டம் குறைந்த அறையில் டர்பன்டைன் வாடை தாங்கவில்லை.

காணொளிகள் கையசைவைக் காட்டும் என்பது உண்மைதான், ஆயினும் அடுத்த அடுக்குக்காக மணிக்கணக்கில் விரித்தபடி வைத்திருக்க நூலே வசதி, அதிலும் சுருள் கம்பிக் கட்டு இருந்தால். வாங்கும் முன் அட்டைப்படத்தை விட்டுவிட்டு நடுப்பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம். பாதி முடிந்த படங்கள் அதிகமாகவும் முடிந்த படங்கள் குறைவாகவும் இருந்தால், பழைய பதிப்பானாலும் நான் வாங்கிவிடுவேன்.