பன்றி மட்டுமா, ஒட்டகமும்தான்: லேவியராகமத்துக்கு நான்கு விளக்கங்கள்

பழைய யூதர்கள் பன்றிக்கறியை ஏன் ஒதுக்கினார்கள் என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "வெயில் நாடு, கறி சீக்கிரம் கெட்டுப்போகும், புழு இருக்கும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பைபிளின் பழைய ஏற்பாட்டில் இந்தச் சட்டங்களைச் சொல்லும் புத்தகமான லேவியராகமத்தின் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் இந்தப் பதில் தடுமாறுகிறது. அங்கே பன்றியோடு ஒட்டகம், முயல், குழிமுசல் (பாறை இடுக்கில் வாழும் சிறு விலங்கு), சிறகும் (அதாவது துடுப்பும்) செதிளும் இல்லாத மீன், இருபது பறவைகள் என்று பட்டியல் நீள்கிறது. அடுத்த நான்கு அதிகாரங்களில் பிள்ளைப்பேறு, தோல் நோய், மாதவிடாய், விந்து வெளியேறுதல் ஆகியவை தீட்டு என்று வருகின்றன. அடுத்த புத்தகமான எண்ணாகமம் 19-இல், பிணத்தைத் தொட்டவருக்கு ஏழு நாள் தீட்டு. எந்த விளக்கத்தையும் இந்தப் பட்டியல் முழுவதன் மேலும் வைத்துப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அதற்கு முன் 'தீட்டு' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதால், நம் ஊர்ச் சாதித் தீட்டின் நினைவும் கூடவே வந்துவிடுகிறது. லேவியராகமத்தில் பிறப்பால் தீட்டான மனிதக் கூட்டம் என்று ஒன்று கிடையாது. தீட்டு யாருக்கும் வரும், பலி செலுத்தும் ஆசாரியருக்கும் வரும். குளித்து, பொழுது சாய்ந்ததும் பெரும்பாலும் போய்விடும். அது பாவமும் அல்ல. பெற்றோரை அடக்கம் செய்வது கடமை, அதைச் செய்தவருக்கும் தீட்டு உண்டு. அந்த நிலையில் பரிசுத்த இடத்துக்குள் போகக் கூடாது, பலியின் இறைச்சியைச் சாப்பிடக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

சரி, உடல்நல விளக்கத்துக்கு வருவோம். இதற்குப் பெரிய ஆதரவாளர் 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராக இருந்த யூத அறிஞர் மைமோனிடிஸ். பன்றி அசுத்தத்தில் புரளும் விலங்கு, அதை அனுமதித்தால் தெருவும் வீடும் நாறிப்போகும் என்பது அவர் வாதம். பன்றிக்கறியில் வரும் டிரைகினெல்லா என்ற புழு 1835-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1860-இல் அது மனிதரைக் கொல்லும் என்று தெரிந்தபோது, 'இந்தச் சட்டங்களைத் தந்த மோசேக்கு அப்போதே தெரிந்திருக்கிறது' என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் இதே சட்டங்களைத் திரும்பச் சொல்லும் உபாகமம் என்ற புத்தகத்தில் 14:21-ஐப் பாருங்கள். தானாய்ச் செத்த விலங்கை நீ சாப்பிடாதே, உன் ஊரில் தங்கியிருக்கும் பரதேசிக்குக் கொடு, இல்லை அந்நியனுக்கு விற்றுவிடு என்கிறது அது. பரதேசியிடம் அன்பு காட்டச் சொல்லும் அதே புத்தகம், நோய் தரும் இறைச்சி என்று நினைத்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்குமா? விலக்கப்பட்ட உணவுப் பட்டியலில் விஷச்செடி ஒன்றுகூட இல்லை, எல்லாமே உயிரினங்கள்தான். லேவியராகமத்தின் தீட்டுப் பட்டியலில் மலமும் சிறுநீரும்கூட இல்லை. சுகாதாரத்துக்காக எழுதப்பட்ட சட்டம் முதலில் அவற்றைத்தானே சொல்லியிருக்கும்? 15-ஆம் நூற்றாண்டிலேயே அபிரபனேல் என்ற யூத அறிஞர் இதை மறுத்துவிட்டார். பன்றி தின்னும் மக்கள் நலமாக இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோமே, கடவுளின் சட்டத்தைச் சின்ன மருத்துவக் கையேடாக ஆக்கலாமா என்று அவர் கேட்டார்.

இரண்டாவது, பொருளாதார விளக்கம். 1970-களில் அமெரிக்க மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ் இதை முன்வைத்தார். பன்றிக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். புல் மட்டும் தின்று வளராது, மனிதன் தின்னும் தானியத்துக்குப் போட்டி போடும். பால் தராது, கம்பளி தராது, ஏர் இழுக்காது. வறண்ட நாட்டில் அது கட்டுப்படியாகாத ஆடம்பரம். பன்றிக்கு இது பொருந்துகிறது. ஆனால் அதே சின்ன நாட்டின் கடற்கரைப் பக்கம், அஸ்கலோன், எக்ரோன் போன்ற பெலிஸ்தியர் என்ற வேற்று இனத்தாரின் நகரங்களைத் தோண்டியபோது, பழைய அடுக்குகளில் பன்றி எலும்பு நிறையக் கிடைத்திருக்கிறது. அதே காலத்து மலைநாட்டு இஸ்ரவேலர் கிராமங்களில் அநேகமாக இல்லை. நிலம் மட்டும் காரணம் என்றால் இந்த வேறுபாடு எப்படி வந்தது? பிணத் தீட்டுக்கும் மாதவிடாய்க்கும் இந்த விளக்கத்திடம் பதிலே இல்லை.

மூன்றாவதாக, பிரிட்டிஷ் மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் சொன்னது. எனக்கு நெடுநாள் பிடித்திருந்த விளக்கம் இது. அசுத்தம் என்பது தன் இடத்தில் இல்லாத பொருள் என்கிறார். படைப்பில் வானம், நீர், நிலம் என்று மூன்று உலகங்கள். நீரில் இருப்பது சிறகும் செதிளுமாக நீந்த வேண்டும். ஆடு மாடு வளர்த்தவர்களுக்கு, ஒழுங்கான விலங்கு என்றால் விரிகுளம்பும் (இரண்டாகப் பிளந்த குளம்பு) இருக்க வேண்டும், அசைபோடவும் வேண்டும். ஒட்டகம் அசைபோடும், ஆனால் விரிகுளம்பு இல்லை. பன்றிக்கு விரிகுளம்பு உண்டு, அசைபோடாது. இரண்டும் வேலிமேல் நிற்கும் விலங்குகள். ஒட்டகமும் பன்றியும் ஒரே காரணத்தில் அடங்கியது இங்கேதான் முதல் தடவை. ஊரும் பூச்சி கூடாது, தத்தும் வெட்டுக்கிளி கூடும் என்ற விசித்திரமான விதிக்கும் இது அர்த்தம் தருகிறது.

ஆனால் பறவைகளில் தடுமாறுகிறது. இருபது பறவைகளுக்கும் லேவியராகமம் அடையாளம் எதுவும் சொல்லவில்லை. பெரும்பாலானவை கழுகு, பருந்து, காகம், ஆந்தை என்று இரையடிப்பவை அல்லது பிணம் தின்பவை. 'வேலிமேல் நிற்பது' இங்கே பொருந்தாது. டக்ளஸே பின்னாளில் தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். விலக்கப்பட்ட விலங்குகள் அருவருப்பானவை என்று நினைத்தது தவறு, அந்த விதி அவற்றைக் கொல்லாமல் காக்கிறது என்று 1999-இல் எழுதினார். சொந்தக் கொள்கையையே இப்படி மாற்றிக்கொண்ட நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது.

நான்காவது ஜேக்கப் மில்க்ரோம் சொல்வது. லேவியராகமத்துக்கு மூன்று பெரிய தொகுதிகளில் உரை எழுதிய அறிஞர் அவர். அவர் கையில் இருக்கும் திறவுகோல் உயிரும் சாவும். பிணம் நேராகவே சாவு. தோல் நோய், உயிரோடு அழுகுவது போலத் தோன்றும் நோய். மோசேயின் அக்கா மிரியாமுக்கு அது வந்தபோது, 'இவள் செத்தவளைப் போல ஆகாதிருப்பாளாக' என்று அவள் சகோதரன் ஆரோன் கெஞ்சுகிறான். மாதவிடாய் இரத்தமும் விந்தும் உயிருக்கான ஆற்றல் உடலை விட்டுப் போவது. வியர்வையும் மலமும் பட்டியலில் ஏன் இல்லை என்பது இப்போது புரிகிறது. உணவிலும் இதே சரடு ஓடுகிறது. ஆதியாகமத்தில் மனிதனுக்கு முதலில் தாவர உணவு மட்டும். நோவா காலத்து வெள்ளத்துக்குப் பிறகு இறைச்சி உண்டு, இரத்தம் கூடாது, ஏனென்றால் உயிர் இரத்தத்தில் இருக்கிறது. இஸ்ரவேலருக்கு இன்னும் குறுக்கி, உபாகமம் 14 பத்தே பத்து விலங்குகளைப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. கொல்லும் உரிமையைக் கடிவாளம் போட்டுப் பிடிப்பதுதான் நோக்கம் என்கிறார். இரையடிக்கும் பறவைகளும் சரியாக இங்கே வந்து உட்காருகின்றன.

'நாங்கள் வேறு மக்கள்' என்ற அடையாளம்தான் காரணம் என்பாரும் உண்டு. கி.மு. 167-இல் யூதர்களை ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோகுஸ் யூதச் சட்டங்களைத் தடை செய்து, பன்றிக்கறி தின்னச் சொல்லி வற்புறுத்திய பிறகு அது உண்மைதான். ஆனால் அந்த விதி ஏற்கெனவே இருந்ததால்தானே அது உரசிப் பார்க்கும் கல்லானது? அடையாளம் அதன் விளைவு என்றே நான் நினைக்கிறேன். எலும்புகளும் சட்டத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை: 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, பழைய எருசலேமிலேயே செதிளில்லாத கெளுத்தி மீன் தின்றிருக்கிறார்கள் என்று காட்டியது.

என் ஓட்டு மில்க்ரோமுக்குத்தான். விலங்குகளை வகை பிரித்த விதத்துக்கு மட்டும் டக்ளஸிடம் போவேன். மில்க்ரோமிடமும் ஓர் இடம் இடறுகிறது: தாய் சுத்தமாக ஆண் பிள்ளை பெற்றால் 40 நாள், பெண் பிள்ளை பெற்றால் 80 நாள். இந்த இரட்டிப்புக்கு உயிர்-சாவு விளக்கம் போதவில்லை. ஆனால் இரண்டுக்கும் பலி ஒன்றே. தமிழில் அது 'பாவநிவாரணபலி' என்று இருக்கிறது. பிள்ளை பெற்றவள் என்ன பாவம் செய்தாள்? அந்த எபிரெயச் சொல்லைச் 'சுத்திகரிப்புப் பலி' என்றுதான் பெயர்க்க வேண்டும் என்று மில்க்ரோம் வாதாடியது இதனால்தான். லூக்கா 2:24-இல் இயேசுவின் தாய் மரியாளுக்காக இரண்டு புறாக்களைச் செலுத்த எருசலேமுக்குப் போகிறார்களே, அது இந்தப் பலிதான். ஆட்டுக்குட்டி வாங்க முடியாத ஏழைக்கு இரண்டு புறா போதும் என்று அதே சட்டம் சொல்லியிருந்தது.