'பவர் ஐசி போயிருச்சு' என்று 7,500 ரூபாய் வாங்கினார்கள், பழுது ரேமில் இருந்தது

லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று சர்வீஸ் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோவையில் ஒரு கடையில் என் தங்கைக்கு நடந்தது இது. புகார் நிலுவையில் இருப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை.

தங்கை எம்.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறாள். லேப்டாப்புக்கு வாரண்டி முடிந்துவிட்டது. டைப் செய்துகொண்டே இருப்பாள், திடீரென்று திரை இருண்டு கம்பெனி லோகோ வந்து நிற்கும். சார்ஜர் போட்டிருந்தாலும் எடுத்திருந்தாலும் அதே கதைதான். ஒரு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும், மறுநாள் பிரவுசரைத் திறந்தாலே போய்விடும். சூடும் அதிகம் இல்லை.

கடையில் கவுண்டரில் இருந்தவர், விண்டோஸில் நடப்பதைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்புக் குறி போட்ட ஒரு வரியைக் காட்டினார். 'கெர்னல்-பவர் 41'. "பாருங்ண்ணா, பவர்னே போட்டிருக்குது. போர்டுல பவர் ஐசி போயிருச்சு. சிப் லெவல் ஒர்க் பண்ணுனாத்தான் ஆகும். 7,500 ஆகும், பாதி இப்பக் கட்டிருங்க" என்றார். பவர் ஐசி என்பது போர்டில் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சிப்.

இந்த 41 என்ற எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். இதை வைத்துத்தான் விஷயம் தெரியாதவர்களை மடக்குகிறார்கள். விண்டோஸ் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்று, மறுபடி ஆன் ஆனால் எழுதி வைக்கும் குறிப்பு அது. ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41 வரும். பெயரில் பவர் என்று இருப்பதால் பவர் ஐசி கெட்டுவிட்டது என்று ஆகாது. அந்த வரிக்குள்ளேயே 'டீடெய்ல்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. அதில் 'பக்செக்கோட்' என்ற இடத்தில் 0 இருந்தால், விண்டோஸுக்கே காரணம் பதிவு செய்ய நேரம் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் பட்டென்று அறுந்தாலும் இப்படி வரும், மெஷின் உறைந்து போனாலும் வரும். வேறு எண் இருந்தால் அதுதான் துப்பு. 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட், அதாவது நினைவகத்தைக் கையாள்வதில் வந்த பிழை. 292 என்றால் புராசஸர், போர்டு போன்ற ஹார்ட்வேர் சொல்லி அனுப்பிய பிழை. கவுண்டரில் அந்தப் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை.

லேப்டாப் திரும்பி வந்தது. அன்று இரவே ரீஸ்டார்ட் ஆனது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, உள்ளே எதுவுமே இல்லை. ஃபார்மேட் செய்து புது விண்டோஸ் போட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஆன்லைன் டிரைவில் ஏற்றி வைத்திருந்த அத்தியாயங்கள் மட்டும் தப்பின, ஆய்வகத்தில் எடுத்த அளவீடுகள் போயின. சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக இருப்பதால் மீட்கவும் வழியில்லை. ஃபார்மேட் ஆனதுமே 'டிரிம்' என்ற வேலை அழிந்த இடங்களைத் துடைத்துவிடுகிறது, பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி தோண்டி எடுக்க முடியாது. தங்கை அன்று இரவு சாப்பிடவில்லை. ஃபார்மேட்டோடு பழைய ஈவென்ட் பதிவுகளும் போய்விட்டன. பழுது எங்கே என்று காட்டக்கூடிய தடயமே அதுதான்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "அந்தக் கம்ப்ளைன்ட் வேற, இது வேறங்ண்ணா" என்று இன்னொரு எஸ்டிமேட் போட்டார்கள். மாற்றிய ஐசி எது, பழையது எங்கே என்று கேட்டேன். "தூக்கிப் போட்டாச்சு" என்றார். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை.

பிறகு தெரிந்தவர் மூலம் ஒரு டெக்னீஷியனிடம் போனோம். அடித்தட்டைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தூசி பஞ்சு மாதிரி அடைத்துக் கிடந்தது. போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களின் தலையிலும் அதே தூசி, கலையாமல். ஹீட்சிங்கைத் தூக்கினால் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தது. போர்டை வெளியே எடுத்துத் திருப்பினார், ஐசி மாற்றியிருந்தால் இருக்க வேண்டிய, ஈயம் பற்ற வைக்கப் பூசும் ஃப்ளக்ஸின் கறையோ புது ஈயத்தின் பளபளப்போ எங்கேயும் இல்லை. "இந்த போர்டை யாரும் தொடவே இல்லைங்க" என்றார். எல்லாவற்றையும் என் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அவர் முதலில் செய்தது காசே இல்லாத வேலை. சிஸ்டம் செட்டிங்கில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் இருந்த டிக்கை எடுத்தார். அது இருந்தால் பிழையின் பெயரைக் காட்டும் நீலத் திரை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எடுத்த பிறகு நீலத் திரை நின்றது. ஒரு முறை மெமரி மேனேஜ்மென்ட், அடுத்த முறை வேறு ஏதோ. பிழையின் பெயர் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் ரேமைத்தான், அதாவது நினைவகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்ட பென்டிரைவில் பூட் செய்து, இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றி ஒன்றை மட்டும் ஓடவிட்டார். ஒன்று சுத்தமாக முடிந்தது. இன்னொன்றில் சிவப்பு வரிகள் கொட்டின. அதையே மற்ற ஸ்லாட்டில் மாற்றிப் போட்டும் சிவப்புதான். ஸ்லாட் கெட்டிருந்தால் ரேமை மாற்றினாலும் அந்த ஸ்லாட்டிலேயே பிழை வரும், இங்கே ரேம் போன இடமெல்லாம் பிழை கூடவே போனது. புது 8 ஜிபி ரேம், தூசி தட்டிப் புது பேஸ்ட், எல்லாம் சேர்த்து முதல் கடை வாங்கியதில் பாதிகூட ஆகவில்லை. அதன்பின் லேப்டாப் ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை.

எல்லா ரீஸ்டார்ட்டுக்கும் ரேம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. லேப்டாப்பை நகர்த்தினாலோ சார்ஜர் பின்னை அசைத்தாலோ போனால் ஜாக்கைப் பாருங்கள். கேம், வீடியோ எடிட்டிங் என்று பளு ஏற்றும்போது மட்டும் அணைந்தால் சூடு அல்லது பவர் பக்கம் பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம், அதை உடனே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆபத்து. லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்தும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது, ஃபார்மேட் செய்வதும் வீண். போர்டும் சில சமயம் உண்மையிலேயே போகும். ஆனால் ரேமை ஒவ்வொன்றாகச் சோதிக்காமல், வேறு சார்ஜர் போட்டுப் பார்க்காமல், கவுண்டரில் நின்றபடியே போர்டு என்று சொல்கிறவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

கொடுப்பதற்கு முன் டேட்டாவை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். ரேம், எஸ்எஸ்டி சீரியல் நம்பர்களைப் படம் எடுங்கள். 'கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்று ஜாப் ஷீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான்.

நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடையிலிருந்து போன் வந்தது, 3,000 தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம், சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். போர்டின் படங்கள், மெம்டெஸ்ட் திரை, அந்த ஒற்றை வரி பில், டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாம் இணைத்திருக்கிறேன். 7,500 ரூபாயோடு, அழிந்த டேட்டாவுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்கிறேன்.