முதல் நாள் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் கடலூர், புதுச்சேரி மக்களுக்கு

நான் யாருக்கும் ரசிகன் இல்லை. வருஷத்துக்கு நாலு படம் பார்ப்பேன், மிஞ்சினால் ஐந்து. திருப்பாப்புலியூரில் சின்னதாக ஒரு எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். கடை மூடும் நாளில்தான் எனக்கு சினிமா. அதனால் படம் எடுப்பது எப்படி என்று யாருக்கும் வகுப்பெடுக்க வரவில்லை. காசு கொடுத்து ஏமாந்த ஒருவன் சொல்கிறேன், அவ்வளவுதான். படத்தின் பெயரையும் தியேட்டரின் பெயரையும் எழுதப்போவதில்லை. படத்தின் பெயரைச் சொன்னால் பேச்சு அந்த நடிகரைப் பற்றிய சண்டையாகிவிடும். தியேட்டர் மீது புகார் நடக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. அப்பா இருந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, அம்மா தியேட்டர் வாசலை மிதிக்கவே இல்லை. டிவியில் இந்தப் படத்தின் டிரெய்லர் ஓடியபோது அவங்களாகவே சொன்னாங்க: "அந்தக் காமெடிப் பையன் நல்லா பண்ணியிருக்கான் போலருக்கே. இதுக்கு வேணா போலாம்." இரண்டு நிமிஷ டிரெய்லரில் பாதிக்கு மேல் அந்தக் காமெடி நடிகர்தான். அம்மா வாய்விட்டுக் கேட்டதால் அன்று ராத்திரியே உட்கார்ந்து, பண்டிகை நாள் மாலைக் காட்சிக்கு ஐந்து டிக்கெட் எடுத்தேன். படம் வெளியாக மூன்று நாள் இருந்தது. புதுச்சேரியில் பெரிய திரை, சாய்வு இருக்கை, கடைசிக்கு முந்தைய வரிசை. அம்மாவுக்குக் கழுத்து வலி உண்டு, அதற்காகவே பார்த்துப் பார்த்து எடுத்த சீட்.

டிக்கெட் ஒன்று 180, ஐந்துக்கு 900. அதற்கு மேல் இணையக் கட்டணம் என்று சீட்டுக்கு 30 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35 ரூபாய் 40 காசு. அது மட்டும் 177. பார்க்கிங் 50. பாப்கார்ன் இரண்டு 560. தண்ணீர் பாட்டில் இரண்டு 120. பெட்ரோல் 300 போட்டேன். மொத்தம் 2,107 ரூபாய். எங்கள் கடையில் ஒரு நல்ல சீலிங் ஃபேன் அந்த விலைக்கு வரும், கேரண்டி கார்டோடு.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி முள்ளோடை, கிருமாம்பாக்கம் வரை சுகமாகத்தான் போனோம். அரியாங்குப்பத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆனாலும் காட்சிக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். வாசலில் டிக்கெட்டை ஸ்கேன் பண்ணிய பையன், "சார், ஸ்கிரீன் மாத்திட்டாங்க, மேல நாலாவது போங்க" என்றான். எதனால் மாற்றினார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை. மேலே போனால் சின்ன அரங்கு. எங்கள் சீட் எண்ணே அங்கே கிடையாது. டார்ச் வைத்திருந்தவர் முன்னாலிருந்து இரண்டாவது வரிசையைக் காட்டி, "இருக்கறதுல உக்காருங்க சார், எல்லாருக்கும் இதே நிலைமைதான்" என்றார். ஐந்து பேருக்குச் சேர்ந்து இடம் இல்லை. அம்மாவும் என் மனைவியும் ஒரு பக்கம், நானும் பிள்ளைகளும் இன்னொரு பக்கம். ஒரே விலை வாங்கிக்கொண்டு சாய்வு இருக்கையிலிருந்து சாதாரண நாற்காலிக்கு இறக்கினார்கள். விலை வித்தியாசத்தைத் தருவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்போதே வெளியே வந்திருக்க வேண்டும். அம்மா புடவையெல்லாம் உடுத்தி ஆசையாக வந்திருந்தாங்க, மனசு வரவில்லை.

6.30 காட்சிக்கு 6.53க்குத்தான் படம் போட்டார்கள். அதுவரைக்கும் நகைக்கடை, பான் மசாலா பெயரில் ஏலக்காய், வீட்டு மனை. இந்த விளம்பரக் கொடுமைக்கு 2025 பிப்ரவரியில் பெங்களூரு நுகர்வோர் ஆணையம் ஒன்று, பார்வையாளருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அதனால் அந்தத் தீர்ப்பை நம்பி யாரும் சண்டைக்குப் போக வேண்டாம்.

படம் தொடங்கியதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது வெளிச்சம். விளக்கு விற்கிறவனுக்கு அது தெரியாமல் போகாது. ராத்திரிக் காட்சிகளில் யார் முகம் என்றே தெரியவில்லை. படம் காட்டும் புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸீனான் விளக்கு பழசாக ஆக மங்கும், குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் மாற்றியாக வேண்டும். விலை அதிகம் என்பதால் தள்ளிப்போடும் இடங்கள் உண்டு. 3டி படத்துக்கு மாட்டிய ஃபில்டரைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினாலும் திரை இருட்டடிக்கும். இங்கே எது காரணமோ, கடற்கரையில் உச்சி வெயிலில் எடுத்த காட்சிகூட மழை மேகம் போட்ட மாதிரி இருந்தது.

அடுத்தது சத்தம். எங்கள் வரிசை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே. கதாநாயகன் கதவைத் திறந்தால் இடி, திரும்பிப் பார்த்தால் இடி. அம்மா காது மெஷின் போடுகிறவங்க. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெஷினைக் கழற்றி, சுருக்குப் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டாங்க. அதன் பிறகு இரண்டரை மணி நேரம் அம்மா பார்த்தது ஊமைப் படம். நான் இதை இடைவேளையில்தான் கவனித்தேன். "போயிடலாமா அம்மா" என்று கேட்டேன். "புள்ளைங்க பாக்கட்டும்ப்பா" என்றாங்க. 900 ரூபாய் போச்சு என்பதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

இந்தச் சத்தப் பிரச்சினை எனக்கு மட்டும் நடந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 14இல் 'கங்குவா' வந்தபோது ஊரெல்லாம் இதே புகார். ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே மனம் வருந்தி எழுதினார். தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். அப்புறம் 12 நிமிஷத்தை வெட்டினார்கள். அதே வருஷம் ஜூலை 12இல் வந்த 'இந்தியன் 2' படத்திலும் வெளியான சில நாளிலேயே 12 நிமிஷம் வெட்டு விழுந்தது. அந்த இரண்டையும் நான் தியேட்டரில் பார்க்கவில்லை, அதனால் படம் எப்படி என்று பேசவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வெட்டுவதற்கு முந்தின படத்துக்கும், சத்தம் குறைப்பதற்கு முந்தின படத்துக்கும் முழு விலை கொடுத்தது யார்? முதல் சில நாளில் ஆசையாகப் போனவர்கள். சரக்கில் குறை இருக்கிறது என்று விற்றவரே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுக்கிறார், ஆனால் முதலில் வாங்கியவனுக்கு ஒரு ரூபாய் திரும்பி வராது. என் கடையில் இப்படி ஒரு வியாபாரம் பண்ணினால் ஒரு மாதத்தில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

படம் எப்படி என்றால், மோசம். அம்மா யாரை நம்பி வந்தாங்களோ அந்தக் காமெடி நடிகர் இரண்டே காட்சி. டிரெய்லரில் சிரிக்க வைத்த வசனங்களில் பாதி படத்திலேயே இல்லை. கதாநாயகி மூன்று பாட்டு, ஒரு அழுகை. வில்லன் யார், எதற்குக் கோபப்படுகிறான் என்று பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனாலும் சொல்ல முடியவில்லை. கதையில் ஒரு சின்னக் குழந்தையைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். கதாநாயகனுக்குக் கோபம் வருவதற்குக் காரணம் வேண்டுமாம். எழுதுகிறவர்களுக்கு வேறு வழியே தோன்றாதா? என் மகளுக்கு ஒன்பது வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, முடிஞ்சிடுச்சா, முடிஞ்சிடுச்சா" என்று கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த விஷயத்தில் என் பக்கமும் தவறு இருக்கிறது, மறைக்கவில்லை. தணிக்கைச் சான்றிதழில் முன்பெல்லாம் யு/ஏ என்று ஒன்றுதான் இருந்தது. 2024 விதிகள் வந்தபின் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளே விடவே கூடாது. இந்த மூன்றுக்கும் அப்படித் தடை இல்லை, அழைத்துப் போகலாமா என்பதைப் பெற்றோர்தான் முடிவு பண்ண வேண்டும். நாங்கள் பார்த்த படம் 16+. டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் படத்தின் பெயருக்குக் கீழே, மொழிக்கும் நேரத்துக்கும் நடுவில் பொடி எழுத்தில் இருந்தது. யு/ஏ என்றதும் குடும்பப் படம் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் அந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர் உங்கள் பிள்ளையின் வயதைக் கேட்க மாட்டார்.

கடைசியாக, இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து, கதை முட்டுச் சந்தில் நிற்கும்போது "தொடரும்" என்று போட்டார்கள். போஸ்டரில் இல்லை, டிரெய்லரில் இல்லை, டிக்கெட் பக்கத்தில் இல்லை. மிக்ஸியை விற்றுவிட்டு ஜார் அடுத்த வருஷம் வரும், அதற்குத் தனி விலை என்று நான் சொன்னால் நீங்கள் சும்மா விடுவீர்களா? பாதிக் கதை என்றால் பாதிக் கதை என்று வெளியே எழுதிவிட்டு விற்க வேண்டும்.

வெளியே வந்து மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். இருபது நிமிஷம் நிற்க வைத்தார்கள். வந்தவர், "படம் முழுசா பாத்துட்டீங்களே சார், இப்ப என்ன ரீஃபண்ட்" என்றார். படம் பிடிக்காததற்குப் பணம் கேட்கவில்லை, நீங்கள் விற்ற சீட்டைக் கொடுக்காததற்குக் கேட்கிறேன் என்றேன். "அது ஆன்லைன்காரங்களைக் கேளுங்க" என்றார். ஆன்லைன்காரர்களுக்கு எழுதினால், அரங்கு மாற்றம் தியேட்டரின் பொறுப்பு என்று பதில்.

நான் மேனேஜரிடம் சொன்ன அந்த வித்தியாசத்தை எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். படம் மோசம் என்பதற்குச் சட்டத்தில் வழி இல்லை. டிரெய்லர் ஏமாற்றிவிட்டது என்பதற்கும் இப்போது இல்லை. ஓர் இந்திப் படத்தின் விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று, குடும்பத்தோடு போய் ஏமாந்த ஓர் ஆசிரியை வழக்குப் போட்டார். மாநில ஆணையத்திலும் தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் ஜெயித்தார், 10,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. டிரெய்லர் என்பது ஒப்பந்தம் ஆகாது, வாக்குறுதியும் ஆகாது என்பது தீர்ப்பு. எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. ஆனால் நிலைமை அதுதான் என்கிறபோது, டிரெய்லரை நம்பி மூன்று நாள் முன்பே பணத்தைக் கட்டுவது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. முதல் காட்சி இடைவேளை விடுவதற்கு முன்பே "வேற லெவல்" என்று எழுதுகிறவர்களையும் நம்பாதீர்கள். பாதிப் படம்கூடப் பார்த்திருக்க முடியாத நேரத்தில் எழுதியது அது. நான்கு நாள் பொறுத்தால், நம்மை மாதிரி காசு கொடுத்துப் பார்த்த அக்கம்பக்கத்துக்காரர் சொல்லிவிடுவார். அதற்குள் சீட்டும் காலியாகக் கிடக்கும்.

சீட்டு மாற்றம், மங்கல் திரை போன்றவை வேறு. அவை சேவைக் குறைபாடு. குடிதண்ணீரும் அப்படித்தான். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு அங்கே ஒரு குழாயும் இல்லை. 120 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கியது அதனால்தான்.

மறுநாள் 1915க்குப் போன் பண்ணினேன். தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசினார்கள். பதிவு எண் கொடுத்தார்கள். பதினெட்டு நாள் ஆகிறது, தியேட்டரிலிருந்து பதில் இல்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். தியேட்டர் புதுச்சேரியில் இருக்கிறதே, அங்கே அலைய வேண்டுமே என்றுதான் முதலில் தயங்கினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், அதனால் கடலூரிலேயே போடப் போகிறேன். நாம் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். உங்களுக்கு இப்படி நடந்தால் அரங்கின் எண், உட்கார வைத்த இடம், திரை, எல்லாவற்றையும் படம் தொடங்குவதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். ஓடும் படத்தை எடுக்காதீர்கள், அது குற்றம். என்னிடம் டிக்கெட்டும் ரசீதுகளும் இருக்கின்றன, இரண்டாவது வரிசையில் உட்கார வைத்ததற்குப் போட்டோ இல்லை. இப்போது அதுதான் கையைக் கட்டுகிறது.

திரும்பி வரும்போது தவளக்குப்பம் தாண்டியதும் அம்மா மெஷினைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டு என் மனைவியிடம் கேட்டாங்க: "ஏம்மா, அந்தக் காமெடிப் பையன் எப்ப வந்தான்? நான் அசந்துட்டேனா?"

"வந்துட்டு உடனே போயிட்டாரு அத்தை."

முள்ளோடை வரைக்கும் யாரும் பேசவில்லை.

அன்றைக்கு மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து நாலாவது அரங்குக்கு மாற்றப்பட்டவர்கள் குறைந்தது நூறு பேராவது இருப்பார்கள். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தக் காட்சியில் இருந்தவர் யாராவது இதைப் படித்தால், குறிப்பாக அரங்குக்குள் எடுத்த போட்டோ வைத்திருந்தால், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். தாள் வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.