பசோபனிப் மாத்திரை: நுரையீரல் வரை பரவிய சிறுநீரகப் புற்றுக்கு எந்த அளவு கைகொடுக்கும்?

சிறுநீரகப் புற்று நுரையீரலில் முடிச்சு முடிச்சாகப் பரவியவர்கள் வீட்டிலிருந்தே சாப்பிடக்கூடிய மருந்து இது. வோட்ரியன்ட் என்ற பெயரில் 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும். முடிச்சுகள் சுருங்கலாம், சில காலம் வளராமல் நிற்கலாம். அடியோடு மறைவது அரிது.

முழு டோஸ் நாளைக்கு 800 மில்லிகிராம், ஒரே வேளையில். வெறும் வயிறு கட்டாயம்: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன், அல்லது 2 மணி நேரம் பின். காலை 6 மணிக்குப் போட்டால் இட்லி 7 மணிக்கு மேல்தான். சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் சேரும் மருந்து ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

மருந்து சரியாக வேலை செய்யாமல் போக முக்கியக் காரணம் ஒன்று, நம் வீடுகளில் கேட்காமலே போடும் கேஸ் மாத்திரை. பசோபனிப் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். எசோமெப்ரசோல் சேர்ந்தால் உடலில் சேரும் மருந்து சுமார் 40% குறைகிறது. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் எடுப்பவர்கள் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கொழுப்புக்கு சிம்வாஸ்டாடின் சாப்பிட்டாலும் சொல்லுங்கள்; இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பு கூடும்.

கல்லீரல்தான் இதன் பலவீனமான இடம். 3, 5, 7, 9ஆம் வாரங்களிலும், பிறகு 3, 4ஆம் மாதங்களிலும் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். இயல்பு உச்சத்தைப் போல 8 மடங்கு தாண்டினால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள். 3 மடங்குக்கு மேல் ஏறி, பிலிருபினும் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) இயல்பு உச்சத்தைப் போல இரு மடங்கு தாண்டினால் பெரும்பாலும் நிரந்தரமாக நிறுத்திவிடுவார்கள். பிரஷர் முதல் வாரத்திலேயே எகிறலாம், வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள். வயிற்றுப்போக்கு சகஜம். முடி வெளுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

இதே வகை மாத்திரையான சுனிடினிபோடு ஒப்பிட்டு 2013இல் வெளியான, 1,110 பேர் பங்கேற்ற ஆய்வில் இது சளைத்ததல்ல என்று தெரிந்தது. களைப்பும் கை கால் எரிச்சலும் குறைவு. ஆனால் ஹீமோகுளோபின் குறைவு, கால்சியம் அதிகம், நோய் கண்டு ஓராண்டுக்குள் பரவல் போன்ற ஆபத்துக் குறிகள் இருந்தால் இதை மட்டும் நம்புவது சரியல்ல. நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஊசிகளான நிவோலுமாப்–இபிலிமுமாப், அல்லது அப்படியொரு ஊசியும் மாத்திரையும் சேர்ந்த பெம்புரோலிசுமாப்–ஆக்சிடினிப் போன்ற ஜோடியே முதல் தேர்வு. செலவு லட்சங்களில் ஏறும் என்பது உண்மை. இருந்தாலும் இந்த ஜோடி உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்காமல் விடாதீர்கள்.

பல் பிடுங்குவதானால்கூட முன்கூட்டியே சொல்லுங்கள். ஆபரேஷன் என்றால் குறைந்தது 1 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இருமலில் ரத்தம் வந்தாலோ, திடீரென நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். நுரையீரலிலிருந்து காற்று கசிந்திருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.