சுண்ணாம்புத் தண்ணீரா, ரெண்டு பாட்டிலா, ரியாக்டரா?

வீட்டில் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கிற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: பவளம் எடுத்துக்கொள்ளும் கால்சியமும் ஆல்கலினிட்டியும் (தண்ணீரில் இருக்கும் கார்பனேட் இருப்பு) இறங்காமல் இருக்க நீ எதை ஊற்றுகிறாய்? என்னிடம் இருப்பது கோவையில் ஒரு 200 லிட்டர் தொட்டி. மென்பவளங்கள்தான், ஆனால் கல்லெல்லாம் ஊதாவாகப் பவளப் பாசி, கூடவே ஹாலிமீடா என்ற சுண்ணாம்புப் பாசி ஒரு புதர், இந்த இரண்டும் சுண்ணாம்பைத் தின்று தீர்க்கும். தண்ணீர் மாற்றுவது, சுண்ணாம்புத் தண்ணீர், ரெண்டு பாட்டில் மூன்றையும் மாறி மாறிச் செய்து பார்த்துவிட்டேன். ரியாக்டர் மட்டும் திருப்பூர் நண்பர் வீட்டில் பார்த்ததுதான்.

எந்த வழிக்குப் போனாலும் தண்ணீர் சரியாக இருக்க வேண்டும். போர் சப்பைத் தண்ணியைத் தொட்டிக்கு நினைத்தே பார்க்காதீர்கள். சிறுவாணி குடிக்க அமிர்தம், ஆனால் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். ஆர்ஓவும் அதற்குப் பின்னால் மிச்ச உப்பைப் பிடிக்கும் டிஐ ரெசினும் போட்டு, கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். வீட்டு ஆர்ஓ மெஷினில் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் ஒரு திருகு இருக்கும், அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

அப்புறம் அளவு. கடலில் கால்சியம் 420 பிபிஎம்மை ஒட்டி, ஆல்கலினிட்டி 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), மெக்னீசியம் 1300 அளவில் இருக்கும். தொட்டியில் 8 டிகேஎச், 400 முதல் 450 கால்சியம் என்று வைத்துக்கொண்டால் போதும். எண்ணைவிட அது ஆடாமல் நிற்பதுதான் முக்கியம். எதையும் வாங்கும் முன் நாலு நாள் எதையும் ஊற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை மட்டும் அளந்து பாருங்கள். ஏன் அதை மட்டும் என்றால், 2.8 டிகேஎச் இறங்கும்போது கால்சியம் 20 பிபிஎம்தான் இறங்கும், அந்த 20 சோதனைக் கிட்டில் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. என் தொட்டி நாளுக்கு 0.7 தின்கிறது. நண்பருடைய 600 லிட்டர் தொட்டியில் கல்பவளங்கள், அது 2-ஐத் தாண்டும். (காகிதம் சரியாக இருக்கும் பவளங்கள். மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது நீட்டினால் கையை நீட்டாதீர்கள், கல்பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை.)

தண்ணீர் மாற்றினாலே போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. தொட்டி 8-ல் இருக்கிறது, புது உப்புத் தண்ணீர் 11. வாரம் பத்து சதவீதம் மாற்றினால் ஏறுவது 0.3. என் தொட்டி அதை அரை நாளில் தின்றுவிடும். மஷ்ரூம், சோயான்தஸ் மாதிரி எலும்பு கட்டாத வகைகள் மட்டும் இருக்கும் தொட்டிக்கு இது சரி, மற்றவர்களுக்கு இது சுத்தம் செய்யும் வேலை மட்டும்தான்.

சுண்ணாம்புத் தண்ணீர் எனக்குப் பிடித்த வழி, பிடித்த அளவுக்கு பயமும் உண்டு. ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதிலாக, லிட்டருக்கு ஒன்றரை கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்துத் தெளியவைத்த நீரை இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது. கால்சியமும் ஆல்கலினிட்டியும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் சேரும், வேறு உப்பு எதுவும் மிஞ்சாது, இரவில் இறங்கும் பிஎச்சையும் (தண்ணீரின் அமில-கார அளவு) தூக்கிப் பிடிக்கும். மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஊர்க்காரன் என்பதால் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பே போதாதா என்று நானும் யோசித்தவன்தான், போதாது, அதில் என்னென்ன கலந்திருக்கிறதென்று தெரியாது. ஆய்வகத் தரம் அல்லது உணவுத் தரம் வாங்குங்கள். முதல் நாள் நான் கரைப்பதைப் பார்த்த அம்முச்சி, "ஏஞ்சாமி, வெத்தலைக்கு வெக்கற சுண்ணாம்பைப் போயி மீனுக்கு ஊத்தறியே, வாயி வெந்து போகாதா?" என்றது. பிஎச் 12-க்கு மேல் இருக்கிற தண்ணீர், அது கேட்டதில் தப்பே இல்லை.

வெந்துதான் போனது. நேராகச் சுண்ணாம்பு டப்பாவில் ஒரு மிதவை வால்வை மாட்டியிருந்தேன். ஒரு ராத்திரி அது சிக்கிக்கொண்டு ஐந்து லிட்டர் உள்ளே இறங்கிவிட்டது. காலையில் தொட்டி மோர் மாதிரி வெள்ளையாக இருந்தது, நத்தையெல்லாம் மூடிக்கொண்டு தரையில் கிடந்தது. சர்க்கரை இல்லாத வெறும் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டிப் பெட்டி) ஊற்றி பிஎச்சை இறக்கினேன். இரண்டு நத்தை போனது. அதற்கப்புறம் அளந்து ஊற்றும் டோசிங் பம்ப்தான், வால்வு கிடையாது.

இதன் இன்னொரு குறை, எவ்வளவு ஊற்றலாம் என்பதை ஆவிதான் முடிவு செய்யும். சித்திரையில் மின்விசிறி ஓட நாளுக்கு மூன்று லிட்டர் போகும், அதன் மூலம் 1.7 டிகேஎச் வரை கொடுக்கலாம், எனக்குத் தேவையே இல்லை, பாதிக்கும் குறைவாகக் கரைப்பேன். ஆடியில் பாலக்காட்டுக் காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவைத்தாலும் அப்படித்தான். ஐப்பசி மழையில் ஒரு லிட்டர்கூடச் சிரமம், 0.5-ஐத் தாண்டாது.

ரெண்டு பாட்டிலுக்கு அந்தத் தடை இல்லை. ஒன்றில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் ஆப்பசோடா அல்லது சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்). 200 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 6 கிராம் ஆப்பசோடா போதும், செலவு என்று சொல்லவே முடியாது. தொட்டியின் பிஎச் குறைவாக இருந்தால் ஆப்பசோடாவை ஓவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வாட்டிக் கரையுங்கள், அது சோடா ஆஷாக மாறிவிடும். திருப்பூர் சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாக இறங்குவதும் இதே சோடா ஆஷ்தான், ஆனால் அந்தத் தரத்தைத் தொட்டியில் போடாதீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றினால் சுண்ணாம்பாகக் கட்டிவிடும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உப்புத்தன்மை மெல்ல ஏறும், அதற்குத்தான் தண்ணீர் மாற்றுவது.

ரியாக்டர் பெரிய தொட்டிக்காரர்களுக்கு. ஒரு குழாயில் அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கல், அதற்குள் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு, உள்ளே பிஎச் 6.5 அளவில் கல் கரைந்து தொட்டிக்குச் சொட்டும். ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் மாதக்கணக்கில் தொடவே வேண்டாம் என்கிறார் நண்பர், நான் போன மூன்று முறையும் அவர் குமிழியை எண்ணிக்கொண்டு ஊசி வால்வைத் திருகிக்கொண்டுதான் இருந்தார். தொட்டியின் பிஎச்சும் இறங்கும், அதனால் ராத்திரியில் அவரும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விடுகிறார்! நாளுக்கு 2 டிகேஎச் தின்னாத தொட்டிக்கு இவ்வளவு காசைக் கொட்டுவது வீண்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ரெண்டு பாட்டிலைத்தான் சொல்வேன், கை தவறினாலும் சுண்ணாம்பு மாதிரி ஒரே ராத்திரியில் கவிழ்த்துவிடாது. என் தொட்டியில் இப்போது புரட்டாசி வரை சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும், மழை பிடித்ததும் குறைகிற 0.2-க்குக் காலையில் ஒரு கிராம் சொச்சம் ஆப்பசோடா, சாயங்காலம் அதற்கு ஈடான கால்சியம்.