நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து: கூட்டத்துக்கு ஐந்து, தூரத்துக்கு இரண்டு

சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு என் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. போய்வரும் வசதிக்கும் கூட்டம் தரும் உற்சாகத்துக்கும் முழு ஐந்து தரலாம். உட்கார்ந்து கால்பந்து பார்க்க இரண்டுதான். அந்த இரண்டுக்கு அங்கே வேலை பார்ப்பவர்கள் காரணம் இல்லை, கிளப்பும் காரணம் இல்லை, ஸ்டேடியத்தின் வடிவம்தான் காரணம்.

நான் பெரம்பூர்க்காரன். 2014-ல் எட்டு அணிகளோடு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியதிலிருந்து நம்ம ஊர் அணியான 'சென்னையின் எஃப்சி' இங்கே ஆடும் மேட்சுகளுக்கு முடிந்தபோதெல்லாம் போய்க்கொண்டிருக்கிறேன். கடைசியாகப் போனது கல்லூரி நண்பன் ஒருவனோடு. அவனுக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர். (தூத்துக்குடி இல்லை, எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.) கடற்கரை ஊர், வீட்டுக்கு ஒருவராவது பந்தாடியிருப்பார்கள். இந்த மேட்சுக்காக ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தான்.

போகும் வழியைப் பொறுத்தவரை இந்த ஸ்டேடியத்துக்கு இணையான இடம் ஊரில் இல்லை. எனக்குப் பெரம்பூரில் லோக்கல் ஏறினால் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ், அங்கிருந்து நடை. தாம்பரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் பார்க் ஸ்டேஷனில் இறங்கலாம். மெட்ரோ என்றால் சென்ட்ரல். எதில் வந்தாலும் ரிப்பன் மாளிகையைத் தாண்டி ராஜா முத்தையா சாலையில் நடந்தால் போதும், நீலச் சட்டை போட்டவர்கள் பின்னாலேயே போய்விடலாம். பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பசங்களைக் கூட்டிப்போனால் பந்தோ காலுறையோ ஏதாவது கேட்காமல் அந்தத் தெருவைக் கடக்க மாட்டார்கள், அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்துப்போங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்திருந்தேன். வாசலில் நிற்கும்போது அந்த ஆப் திறக்கவே இல்லை, கியூஆர் கோடு சுற்றிக்கொண்டே இருந்தது, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஆப் பெயரைச் சொல்லப்போவதில்லை. வீட்டிலேயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது பச்சை. அதைச் சுற்றி ஓடுதளம். அதற்கும் அப்பால் நாம்.

இந்த ஸ்டேடியம் 1993-ல் கட்டியது, 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது இங்கேதான். அதற்கு முன் இதே இடத்தில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது, டெஸ்ட் கிரிக்கெட்டே ஆடியிருக்கிறார்கள். தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டிய இடம், அதனால் ஓடுதளம் இருக்கத்தான் வேண்டும். அதில் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு அதைவிட்டால் வேறு நல்ல இடம் எத்தனை இருக்கிறது? அதைப் பெயர்த்துவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கால்பந்து பார்ப்பவனுக்கு அது என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். எட்டு லேன், லேனுக்கு 1.22 மீட்டர், ஆக பக்கவாட்டில் ஏறக்குறைய பத்து மீட்டர். அது பரவாயில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் சிக்கல். 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்பக்கம் ஒரு வளைவிலிருந்து எதிர் வளைவு வரை சுமார் 157 மீட்டர் நீளம், கால்பந்து ஆடுகளம் 105 மீட்டர். மீதி 52 மீட்டரை இரண்டாகப் பிரித்தால் கோல் கோட்டுக்கும் ஓடுதளத்துக்கும் நடுவே 26 மீட்டர். ஓடுதளத்தின் அகலத்தைச் சேர்த்தால் 36. அதற்கு அப்புறம்தான் முதல் இருக்கையே. கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, கோல் கீப்பர் பெனால்டிக்கு எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்க்கத்தானே அங்கே டிக்கெட் எடுக்கிறோம்!

நண்பன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு கார்னர் கிக் வந்தபோது மட்டும் சொன்னான்: "எங்க ஊர்ல கோட்டுல நின்னு பாத்தா பந்து நம்ம மேலயே வந்து விழும் மக்கா." அவன் சொன்னது எனக்கும் தெரிந்ததுதான். வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை மேட்ச் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோட்டை ஒட்டி நின்றால் ஷின் கார்டில் பூட்ஸ் இடிக்கும் 'டக்' கேட்கும், டிஃபென்டர் பக்கத்து ஆளைப் பெயர் சொல்லித் திட்டுவது கேட்கும், த்ரோ எடுக்க வருகிறவன் மூச்சு வாங்குவது கேட்கும், ஸ்லைடிங் டேக்கிளில் கிளம்பும் புழுதி நம் சட்டைக்கு வரும். கால்பந்தைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவனுக்கு டிவியில் எவ்வளவு காட்டினாலும் போதாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதே ஸ்டேடியத்தில் நான் பார்த்த பெரிய ராத்திரியைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2018 மார்ச் 13, கோவாவோடு ஐஎஸ்எல் அரையிறுதி இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டம் 1-1. இங்கே நம்ம ஸ்ட்ரைக்கர் ஜெஜே 26-வது நிமிடத்தில் ஒன்று அடித்தார், ஸ்டாண்ட் இன்னும் உட்காரவே இல்லை, 29-வது நிமிடத்தில் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருவில் ஆடி வளர்ந்தவர், சொந்த ஊர் ஸ்டேடியத்தில் அரையிறுதியில் கோல் போடுகிறார். என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்து "நம்ம ஏரியாப்பா, நம்ம ஏரியா" என்று உலுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜெஜே இன்னொன்று அடித்து 3-0. நான்கு நாள் கழித்து இறுதிப்போட்டியில் பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கினோம், அது இரண்டாவது கோப்பை. அன்றைக்கு 36 மீட்டரை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவர் சொன்ன 'நம்ம ஏரியா' மட்டும் எனக்குள் இன்னும் நிற்கிறது.

தூத்தூரில் இருப்பவன் எந்த ஏரியா என்று சொல்லுவான்? ஐஎஸ்எல்லில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடற்கரைக்காரர்தான். எட்வின் சிட்னி வன்ஸ்பாலும் தமிழ்நாட்டுக்காரர். ஆட்டக்காரர்கள் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள், லீகில் தமிழ்நாட்டுக்கு அணி ஒன்றே ஒன்று. 2017-ல் பெங்களூரும் ஜாம்ஷெட்பூரும் சேர்ந்தன, 2020-ல் ஈஸ்ட் பெங்கால், 2023-ல் இன்னொரு தேசிய லீகான ஐ-லீகை வென்று பஞ்சாப், 2024-ல் முகமதன். ஆக 2024-25 சீசனில் 13 அணிகள், அதில் மூன்று கொல்கத்தாவில். கொல்கத்தாவுக்கு மூன்று கூடாது என்று சொல்லவில்லை, அவர்கள் நூறு வருடமாகச் சேர்த்த ரசிகர்கள். ஆனால் சென்னைக்குத் தெற்கே இவ்வளவு பெரிய மாநிலம் காலியாகக் கிடக்கிறதே என்றுதான் வருத்தம்.

காலியாகவே இருந்தது என்றும் சொல்ல முடியாது. சென்னை சிட்டி எஃப்சி 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன் ஆனது. பெயரில்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். கடைசி நாள் மினர்வா பஞ்சாபோடு முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். அந்த சீசனில் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். கோயம்புத்தூர் சொந்தக்காரர்கள் அந்த வருடம் என்னிடம் கிரிக்கெட் பேசவே இல்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீகில் இல்லை. ஒரு ஊர் கால்பந்துக்குப் பழகி, டிக்கெட் எடுத்து, பாட்டுக் கட்டிப் பாடி, சாம்பியனும் ஆகி, அதற்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போக இடமில்லாமல் நிற்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

அதனால்தான் அணிகளைக் கூட்டுவது என்றால் மைதானத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் மேஜர் லீக் சாக்கர் 1996-ல் பத்து அணிகளோடு தொடங்கியது. பெரும்பாலும் அவர்களுடைய அமெரிக்கன் ஃபுட்பாலுக்கான பிரம்மாண்டமான ஸ்டேடியங்களில் ஆடினார்கள், பாதி இருக்கை காலி. 1999-ல் கொலம்பஸ் அணி சுமார் இருபதாயிரம் பேர் உட்காரும் அளவில் கால்பந்துக்கென்றே ஒன்றைக் கட்டியது. நடுவில் 2001 சீசனோடு மயாமி, டாம்பா பே என்று இரண்டு அணிகளை மூடவும் வேண்டியிருந்தது. பிறகு ஊர் ஊராகக் கால்பந்து மைதானம் வந்தது, அணிகளும் வந்தன, 2025-ல் அது முப்பது அணி லீக். நம்ம பக்கத்திலேயே கோவாவின் ஃபடோர்டா இருக்கிறது, சுமார் 19 ஆயிரம் பேர், ஓடுதளம் கிடையாது. 2015 இறுதிப்போட்டியில் கோவாவை அவர்கள் வீட்டிலேயே 3-2 என்று நாம் ஜெயித்தது அங்கேதான், டிவியில் பார்த்தபோதே அந்தக் கூட்டத்தின் நெருக்கம் தெரிந்தது.

அந்த 2015-ஐ நினைத்தால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்தபோது கொல்கத்தாவோடு நம்முடைய சொந்த மண் அரையிறுதியைப் புனேயில் கொண்டுபோய் ஆடினார்கள். 3-0 என்று ஜெயித்தோம், சந்தோஷம்தான். ஆனால் திருச்சியிலோ மதுரையிலோ ஃப்ளட்லைட்டும் நல்ல புல்லும் உள்ள பத்தாயிரம் பேர் மைதானம் ஒன்று இருந்திருந்தால், தண்ணீர் வடியாத வீட்டை விட்டு வர முடியாத எங்களுக்குப் பதிலாக அந்த ஊர்க்காரர்களாவது ஸ்டாண்டை நிரப்பியிருப்பார்கள்.

கேரளாவைப் பாருங்கள். 2024-ல் சூப்பர் லீக் கேரளா என்று ஆறு ஊர் அணிகளோடு தொடங்கினார்கள். ஆறுக்கும் மைதானம் இல்லை, முதல் சீசனை நான்கு இடங்களில்தான் நடத்தினார்கள், இருந்தாலும் தொடங்கினார்கள். என் நண்பன் எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் ஆடுவதைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். தமிழ் பேசுகிற, தமிழ்நாட்டில் ஓட்டுப் போடுகிற ஆளுக்குப் பக்கத்து அணி அதுதான். நமக்கும் இது தெரியாத வித்தை இல்லை, டிஎன்பிஎல் கிரிக்கெட்டை 2016-ல் முதல் சீசனிலேயே திண்டுக்கல் பக்கம் நத்தத்துக்கும் திருநெல்வேலிக்கும் கொண்டுபோனோம், ஜனங்கள் வந்தார்கள். மதுரைப் பக்கத்து சேது எஃப்சி 2018-19-ல் இந்தியப் பெண்கள் லீகையே ஜெயித்தது. அந்தப் பெண்கள் ஊர்க்காரர்கள் கண் முன்னால் ஆட ஒரு நல்ல ஸ்டாண்ட் வேண்டாமா?

மாவட்ட மைதானங்கள் எப்படி இருக்கின்றன என்றும் ஓரளவு பார்த்திருக்கிறேன். அக்கா பையன் ஆடிய ஒரு மேட்சுக்குப் போனேன், ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு கோல் கம்பத்துக்கு முன்னால் புல் மருந்துக்கும் இல்லை, மழைத்தண்ணீர் தேங்கி பந்து அதில் நின்றுவிட்டது. ஆறு மணிக்கு வெளிச்சம் போனதும் ரெஃப்ரி விசிலடித்து நிறுத்திவிட்டார், பத்து நிமிட ஆட்டம் பாக்கி. அங்கே நாற்பதாயிரம் இருக்கை யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வடிய ஒரு வழி, நான்கு விளக்குக் கம்பம், இரண்டு பக்கமும் கோட்டை ஒட்டிய படிக்கட்டு, பெண்களுக்குச் சுத்தமான கழிவறை, உடை மாற்றும் அறை. இதில் தொடங்கினால் பத்தாயிரம் பேர் மைதானமாக வளர்த்துக்கொள்ளலாம்.

சரி, மறுபடி நேரு ஸ்டேடியத்துக்கு வருகிறேன். 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லின் அடுத்த சீசனையே நிறுத்தி வைத்தார்கள், லீகை நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது என்று. அந்த மாதங்களில் எனக்கு இந்த 36 மீட்டர் தூரம்கூடப் பெரிய குறையாகத் தெரியவில்லை, மேட்ச் நடந்தால் போதும் என்றிருந்தது. ஆகவே போகாதவர்கள் ஒருமுறை கட்டாயம் போங்கள். கோல் பக்கத்து டிக்கெட் விலை குறைவு என்று எடுக்காதீர்கள், கொஞ்சம் கூடக் கொடுத்துப் பக்கவாட்டு ஸ்டாண்டில் நடுக்கோட்டுக்கு நேராக எடுங்கள். முதல் வரிசை வேண்டாம், பாதிக்கு மேலே ஏறி உட்காருங்கள், அங்கிருந்து மொத்த ஆட்டமும் விரித்து வைத்த மாதிரி தெரியும். சத்தம் வேண்டுமென்றால் பி ஸ்டாண்ட் பசங்களுக்குப் பக்கத்தில் இடம் பாருங்கள், தொண்ணூறு நிமிடமும் பறை அடித்துப் பாடுவார்கள், சின்னக் குழந்தை என்றால் காதுக்குக் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். நவம்பர், டிசம்பரில் ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள், குடையை நம்ப வேண்டாம். கேரளா பிளாஸ்டர்ஸ் மேட்ச் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள், மஞ்சள் சட்டை வண்டி வண்டியாக இறங்கும்.

மேட்ச் முடிந்து நண்பனை எழும்பூரில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அடுத்த மேட்ச் எப்போது என்று போனில் தேடிக்கொண்டிருந்தான்.